பஸ் ஸ்டிரைக் நாளில் சென்னை ரயில்களில் கார்டு: செட்டிநாட்டிலிருந்து கிளம்புவோர் கேட்கும் கேள்விகள்

ஸ்டிரைக் என்று செய்தியில் ஒரு வரி வந்தால் போதும், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள் கிளம்பிவிடும். டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று, சிங்கப்பூர் விமானத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, மண்ணடியில் சரக்கு பார்க்கணும், இப்போது எப்படிப் போவது? சென்னைக்குள் மெட்ரோவையும் மின்சார ரயிலையும் கார்டு வைத்துச் சமாளிப்பது பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

காரைக்குடியில் மெட்ரோவே கிடையாது. நமக்கு எதற்கு இந்தக் கார்டு?

சாதாரண நாளில் தேவையில்லை. எழும்பூரில் இறங்கினால் வாசலில் மாநகரப் பேருந்து, பெண்களென்றால் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டே வேண்டாம். 2021 மே மாதத்திலிருந்து அப்படித்தான். அதனால்தான் நம் வீட்டு ஆச்சிமார் பலருக்கு மெட்ரோவின் பக்கம் போகவே தேவை வந்ததில்லை.

ஸ்டிரைக் அன்று அந்தப் பஸ் குறைந்துவிடும், ஆட்டோ கேட்கிற காசோ ஏறிவிடும். அப்போது நகரத்துக்குள் நம்பி ஏறக்கூடியவை இரண்டு: மெட்ரோவும் மின்சார ரயிலும். இரண்டிலும் கூட்டம் இருக்கும். ரயிலுக்குள் இருக்கிற கூட்டத்தைவிட டிக்கெட் கவுன்டர் முன்னால் நிற்கிற கூட்டம்தான் நேரத்தைத் தின்னும். கார்டு வைத்திருந்தால் அந்த வரிசையில் நிற்க வேண்டாம். ரயில் சீக்கிரம் வராது, உட்கார இடமும் கிடைக்காது, ஆனால் வரிசை மிச்சம்.

பஸ் ஸ்டிரைக் என்றால் மெட்ரோவும் நிற்குமா?

நிற்காது. ஸ்டிரைக் செய்கிறவர்கள் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் தொழிலாளர்கள். மெட்ரோவை ஓட்டுவது தனி நிறுவனம், மின்சார ரயிலை ஓட்டுவது தெற்கு ரயில்வே. 2018 ஜனவரி 4-ஆம் தேதி தொடங்கி ஒரு வாரம் நடந்த ஸ்டிரைக்கிலும் சரி, 2024 ஜனவரி 9, 10 தேதிகளில் நடந்ததிலும் சரி, நின்றவை பஸ்கள்தான்.

ஆனால் எல்லா ஸ்டிரைக்கும் ஒன்றல்ல. தொழிற்சங்கங்கள் நாடு முழுக்க அழைக்கும் பொது வேலைநிறுத்தம் வேறு மாதிரி. 2025 ஜூலை 9-ஆம் தேதி நடந்தது அந்த வகை. அந்த மாதிரி நாளில் ரயில் ஊழியர்கள் வேலைக்கு வந்தாலும், எங்காவது மறியல் என்று தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டால் ரயில் கொஞ்ச நேரம் நிற்கும். மெட்ரோ ஊழியர்களே வேலைநிறுத்தம் செய்ததும் உண்டு, 2019 ஏப்ரல் கடைசியில். அதனால் ‘ஸ்டிரைக்’ என்ற தலைப்பை மட்டும் பார்க்காமல், யார் செய்கிற ஸ்டிரைக் என்று இரண்டாவது வரியையும் படியுங்கள்.

ஒரே கார்டு எல்லா ரயிலுக்கும் செல்லுமா? எந்தக் கார்டு எதற்கு?

பெரும்பாலானோர் குழம்புவது இங்கேதான். சென்னையில் மெட்ரோ, மின்சார ரயில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து நடைமேடையில் இருந்தாலும், டிக்கெட் விஷயத்தில் இரண்டும் வேறு வேறு வீடு.

மெட்ரோவுக்குச் சிங்காரச் சென்னை அட்டை. 2023 ஏப்ரல் 14-ஆம் தேதி, பாரத ஸ்டேட் வங்கியோடு சேர்ந்து மெட்ரோ நிறுவனம் வெளியிட்டது. இது என்சிஎம்சி எனப்படும் தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை வகையைச் சேர்ந்த ரூபே கார்டு. டெல்லியிலோ பெங்களூரிலோ இருக்கிற பிள்ளைகள் அங்கே வாங்கிய என்சிஎம்சி கார்டு வைத்திருந்தால் அதுவும் சென்னை மெட்ரோ கேட்டில் செல்லும். திரும்ப ஒன்று வாங்க வேண்டாம்.

மின்சார ரயிலுக்கு அந்தக் கார்டு செல்லாது. கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு வழி, சென்ட்ரலிலிருந்து அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வழிகள், வேளச்சேரி போகும் பறக்கும் ரயில், இவை எல்லாவற்றிலும் கேட் கிடையாது. கார்டைத் தட்ட இடமே இல்லை. அங்கே டிக்கெட் எடுத்துத்தான் ஏற வேண்டும். ரயில்வேக்கென்று தனி ஸ்மார்ட் கார்டு இருக்கிறது. அதை நிலையத்தில் நிற்கும் தானியங்கி டிக்கெட் எந்திரத்தில் வைத்தால் காகித டிக்கெட் அடித்துத் தரும். அந்தக் கார்டை மெட்ரோ கேட்டில் நீட்டினால் கேட் அசையாது.

ஆக ஒரே பெயரில் ‘ஸ்மார்ட் கார்டு’ என்று சொல்கிற இரண்டு தனித்தனிச் சங்கதி. வருஷத்துக்கு நாலைந்து முறை சென்னை போகிறவருக்கு என் யோசனை: மெட்ரோவுக்குக் கார்டு, மின்சார ரயிலுக்குக் கைபேசி. ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் சாதாரண டிக்கெட் எடுக்கலாம், 2025 ஜூலையிலிருந்து இருக்கிறது. ரயில்வே ஸ்மார்ட் கார்டு தினமும் தாம்பரத்திலிருந்து வேலைக்குப் போகிறவருக்குச் சரி, நமக்கு அது பர்ஸில் தூங்கும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்கிறார்களே, அது?

அது ‘சென்னை ஒன்’ செயலி. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி தொடங்கப்பட்டது. எங்கிருந்து எங்கே என்று கொடுத்தால் மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றையும் சேர்த்து வழி காட்டும், டிக்கெட்டும் அதிலேயே எடுக்கலாம். கார்டு அல்ல, கைபேசித் திரையில் வரும் கியூஆர். ஸ்டிரைக் நாளில் அது காட்டும் வழியில் பஸ் ஒரு கட்டமாக வந்தால் அதை அப்படியே நம்பிக் கிளம்ப வேண்டாம். ரயில் மட்டும் வரும் வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்காரச் சென்னை கார்டைக் காரைக்குடியிலேயே வாங்கிக்கொண்டு போக முடியுமா?

அந்தக் கார்டு தருவது சென்னையில், மெட்ரோ நிலையக் கவுன்டரில். கைபேசி எண்ணையும் ஓர் அடையாளச் சான்றையும் தயாராக வைத்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும். கைபேசிக்கு ஓடிபி வரும் என்பதால், வெளிநாட்டு சிம்மோடு வந்திருப்பவர்கள் இங்குள்ள உறவினர் எண்ணைக் கொடுப்பது உத்தமம்.

வேறு வழியும் உண்டு. பல வங்கிகள் இப்போது தரும் ரூபே டெபிட் கார்டிலேயே என்சிஎம்சி வசதி சேர்ந்து வருகிறது. உங்கள் கார்டைத் திருப்பிப் பாருங்கள், அந்தக் குறி இருக்கிறதா என்று. இல்லையென்றால் வங்கியில் கேளுங்கள். 1937-இல் கானாடுகாத்தான் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஒரு கார்டுக்காகச் சென்னை வரை போய் வரிசையில் நிற்பானேன் என்பது என் கட்சி.

ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். டெபிட் கார்டில் என்சிஎம்சி இருந்தாலும் வங்கிக் கணக்கில் உள்ள பணம் மெட்ரோ கேட்டில் கழியாது. கார்டின் சில்லுக்குள், அதாவது அந்தச் சிப்புக்குள், தனியாக ஒரு பணப்பை இருக்கிறது. அதில் பணம் ஏற்றினால்தான் கேட் திறக்கும். கணக்கில் லட்சம் இருந்து சில்லில் பூஜ்யம் என்றால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

பழைய மெட்ரோ கார்டு மேசை டிராயரில் கிடக்கிறது. அது செல்லுமா?

மெட்ரோ முதலில் வெளியிட்ட பயண அட்டையைச் சொல்கிறீர்கள். அதற்கு ரீசார்ஜ் செய்வது 2025 ஆகஸ்ட் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. உள்ளே இருக்கும் பணத்தைத் தீர்த்துவிட்டுக் கவுன்டரில் கொடுத்து, சிங்காரச் சென்னை அட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் இதை ஸ்டிரைக் அன்று காலை ஒன்பது மணிக்குச் செய்யக் கிளம்பாதீர்கள்.

கைபேசியில் ரீசார்ஜ் செய்தேன், பணமும் போய்விட்டது. ஆனால் கேட் திறக்கவில்லை. ஏன்?

பணம் எங்கும் போகவில்லை. கைபேசி வழியாக ஏற்றிய தொகை முதலில் வங்கியின் கணினியில் உங்கள் கார்டின் பெயரில் காத்திருக்கும். சில்லுக்குள் அது தானாக வந்துவிடாது. நிலையத்தில் அதற்கென்று உள்ள எந்திரத்திலோ கவுன்டரிலோ கார்டை வைத்து ‘பேலன்ஸ் அப்டேட்’ செய்தால்தான் உள்ளே ஏறும். பேரேட்டில் வரவு எழுதியாயிற்று, பெட்டியில் இன்னும் பணம் வைக்கவில்லை என்கிற நிலை. ஐந்தொகை பார்த்துப் பழகிய குடும்பங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று சலிப்பு வரும். காரணம் இருக்கிறது. கேட் ஒவ்வொரு முறையும் வங்கியைக் கேட்டுப் பதில் வந்து திறப்பதென்றால், பின்னால் வரிசை நின்றுவிடும். அதனால் கேட் சில்லில் உள்ள மீதியை மட்டும் பார்த்து, அங்கேயே கழித்துக்கொண்டு, திறந்துவிடும். சுரங்க நிலையத்தில் கைபேசிக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் கார்டு வேலை செய்வது இதனால்தான்.

எனவே ஸ்டிரைக் அறிவிப்பு வந்ததும் காரைக்குடியில் உட்கார்ந்து கைபேசியில் 500 ரூபாய் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தால், எழும்பூர் மெட்ரோவில் இறங்கி முதல் வேலையாக எந்திரத்தைத் தேட வேண்டிவரும். கடைசியாகச் சென்னை போய்த் திரும்பும்போதே கவுன்டரில் நேரடியாகப் பணம் ஏற்றிக் கொண்டுவருவதுதான் நல்லது. சில்லில் இருக்கும் பணம் அடுத்த பொங்கல் வரைக்கும் அப்படியே இருக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் அதில் வைக்க முடியாது, வைக்கத் தேவையுமில்லை.

கேட் திறக்காததற்கு வேறு என்ன காரணம் இருக்கும்?

பர்ஸோடு சேர்த்துக் காட்டுவது. உள்ளே இரண்டு மூன்று தொடு கார்டுகள் இருந்தால் கருவிக்கு எதைப் படிப்பதென்று தெரியாது. கார்டைத் தனியே எடுத்துக் காட்டுங்கள்.

எவ்வளவு பணம் வைத்திருந்தால் போதும்?

மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். இரண்டு கிலோமீட்டர் வரை 10, ஐந்து வரை 20, பன்னிரண்டு வரை 30, இருபத்தொன்று வரை 40, அதற்கு மேல் 50. கார்டிலோ கியூஆரிலோ போனால் இதில் 20 சதவீதம் தள்ளுபடி. ஆக எவ்வளவு தூரம் போனாலும் ஒரு வழிக்கு 40 ரூபாயைத் தாண்டாது.

ஆனாலும் 50 ரூபாய்க்குக் கீழே மீதியை இறங்க விடாதீர்கள். ஒரு நாள் சுற்றலுக்கு 200 ரூபாய் தாராளம். மின்சார ரயில் இன்னும் மலிவு, தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை சாதாரண வண்டியில் 10 ரூபாய்தான். 2025 ஏப்ரலில் வந்த குளிர்சாதன மின்சார ரயிலுக்குக் கட்டணம் வேறு. சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏறி உட்கார்ந்தால் அபராதம்.

ஒரே கார்டில் நாலு பேர் போகலாமா?

முடியாது. கார்டைக் காட்டி ஒருவர் உள்ளே போனால், அவர் வெளியே வரும் வரை அந்தக் கார்டு ‘உள்ளே இருப்பதாக’க் கணக்கு. பின்னால் வருகிறவருக்கு வேலி தாண்டிக் கார்டைக் கொடுத்தாலும் கேட் திறக்காது.

கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக் குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கார்டைவிடக் கியூஆர் டிக்கெட்தான் வசதி. வாட்ஸ்அப்பிலோ மெட்ரோவின் செயலியிலோ ஒருவரே எல்லோருக்கும் சேர்த்து எடுக்கலாம், தள்ளுபடியும் அதே 20 சதவீதம்தான். எடுத்த அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களோடு போனால் டிக்கெட் வேண்டாம்.

தி.நகர் போகிறவர்கள் மெட்ரோவைத் தேடி அலைய வேண்டாம். எழும்பூரிலிருந்து தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு.

அப்பத்தாவுக்கு எழுபத்தெட்டு வயது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். கார்டு, கைபேசி எதுவும் பழக்கமில்லை. என்ன செய்வது?

அவர்களைக் கார்டு பழக்கப்படுத்த ஸ்டிரைக் நாள் சரியான நாள் இல்லை. கூடப் போகிறவர் அவர்களுக்கும் ஒரு டிக்கெட் கவுன்டரில் எடுத்துக் காகிதத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். கேட்டில் அவர்களை முதலில் விட்டு நீங்கள் பின்னால் போங்கள். நீங்கள் உள்ளே போய்விட்டு அவர்கள் வெளியே திணறும்படி விட்டுவிடாதீர்கள். சக்கர நாற்காலியோ பெரிய பையோ இருந்தால் அகலமான கேட் ஒன்று ஓரமாக இருக்கும், அங்கே நிற்கும் ஊழியரிடம் சொன்னால் திறந்துவிடுவார். எல்லா மெட்ரோ நிலையத்திலும் லிஃப்ட் உண்டு.

மூத்த குடிமக்கள் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். மெட்ரோவில் இல்லை. ரயில்வேயில் இருந்ததையும் 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி எங்கே என்று பார்த்து நிலையத்தை முடிவு செய்யுங்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்குச் சென்ட்ரல் மெட்ரோ. கிரீம்ஸ் சாலைப் பக்கம் என்றால் ஆயிரம் விளக்கு. அரசுக் கண் மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் எழும்பூரிலேயே. மெட்ரோ வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை உள்ள அந்தக் கடைசி அரைக் கிலோமீட்டருக்கு ஆட்டோ தேவைப்படும், அதற்குச் சில்லறை நோட்டு வைத்திருங்கள். ஸ்டிரைக் அன்று தூரத்தைவிட இந்தக் கிட்டத்துச் சவாரிதான் படுத்தும்.

ஆம்னி பஸ்ஸில் வந்து கிளாம்பாக்கத்தில் இறங்கினால்?

ஆம்னி பஸ்கள் தனியார் வண்டி, ஸ்டிரைக்கிலும் ஓடும். ஆனால் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தென்மாவட்டத்துக்காரர்களின் கதை மாறிவிட்டது. முன்பு கோயம்பேட்டில் இறங்கினால் மெட்ரோ வாசல் பக்கத்திலேயே. கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ இல்லை. விமான நிலையத்தோடு நீல வழித்தடம் முடிந்துவிடுகிறது, அதை நீட்டும் திட்டம் பேச்சில் இருக்கிறது. சாதாரண நாளில் முனையத்திலிருந்து நகருக்குள் கொண்டுபோவது மாநகரப் பேருந்து. ஸ்டிரைக் அன்று அதுவே இல்லை என்றால், விடிகாலை ஐந்து மணிக்குப் பெட்டியோடு நிற்கிற ஜனம் முழுக்க ஆட்டோவைத்தான் சூழும்.

அங்கே செய்ய வேண்டியது: தி.நகருக்கோ அண்ணா நகருக்கோ ஆட்டோ பேசாதீர்கள். வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் ரயில் நிலையம் என்று மட்டும் பேசுங்கள். கிட்டத்தில் இருக்கிறது, நாலு பேர் சேர்ந்து போனால் பங்கு போட்டுக்கொள்ளலாம். அங்கிருந்து கடற்கரை போகும் மின்சார ரயில். டிக்கெட்டைக் கைபேசியில் நிலையத்துக்கு வெளியே நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். நடைமேடைக்கு வந்தபின் எடுக்கப் பார்த்தால் செயலி அனுமதிக்காது, அங்கே ஒட்டியிருக்கும் கியூஆரைத் தேட வேண்டிவரும். கூட்டத்தில் டிக்கெட் எடுக்க முடியவில்லை என்று பரிசோதகரிடம் சொன்னாலும் நடக்காது. கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

பரங்கிமலையில் இறங்கினால் அதே வளாகத்தில் மெட்ரோ. அங்கிருந்து வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் போகிறவர்களுக்குப் பச்சை வழித்தடம் நேராக. தேனாம்பேட்டை, அண்ணா சாலை, மண்ணடி போகிறவர்கள் இன்னும் ஒரு நிலையம் தள்ளிக் கிண்டியில் இறங்கி நீல வழித்தடத்தைப் பிடிக்கலாம். இங்கேதான் சிங்காரச் சென்னை கார்டுக்கு வேலை வருகிறது. மின்சார ரயில் கூட்டம் அப்படியே மெட்ரோ கவுன்டருக்குப் போய் நிற்கும்போது நீங்கள் கேட்டில் தட்டிவிட்டுப் போகலாம்.

பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் போனால்?

முடிந்தால் அதில்தான் போக வேண்டும். காரைக்குடியிலிருந்தே கிளம்புகிற வண்டி, விடிகாலை புறப்பட்டு மதியம் எழும்பூர் போய்விடும். எழும்பூர் நிலையத்தை ஒட்டியே மெட்ரோ நிலையம், சுரங்கத்தில். அங்கிருந்து ஒரே நிலையத்தில் சென்ட்ரல், நீல வழித்தடத்துக்கு அங்கே மாறலாம்.

விமான நிலையம் போகிறவர் எழும்பூர் வரை போய்த் திரும்பி வராதீர்கள். தாம்பரத்திலேயே இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரே விமான நிலையம். மெட்ரோ கார்டே தேவைப்படாது.

ராமேசுவரத்திலிருந்து காரைக்குடி வழியாக வரும் இரவு ரயில்களும் உண்டு. எதுவானாலும் டிக்கெட்டில் எழும்பூர் என்று இருக்கிறதா, தாம்பரம் என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது, ஸ்டிரைக் அறிவிப்போ சில நாள் முன்னால்தான் வரும். அப்போது மிச்சமிருப்பது தட்கல். முதல் நாள் காலை பத்து மணிக்குக் குளிர்சாதன வகுப்பு, பதினொன்றுக்கு மற்றவை. இணையத்தில் எடுப்பதென்றால் ஆதார் இணைத்த கணக்கு வேண்டும்.

ஊரிலிருந்து காரைக்குடி ஜங்ஷனுக்கே எப்படி வருவது?

ஸ்டிரைக் என்பது சென்னைச் சமாச்சாரம் மட்டும் இல்லை. காரைக்குடி ஒரு மண்டலத் தலைமையிடம், ஒரு காலத்தில் மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகம் என்று தனிப் பெயரோடு இங்கிருந்துதான் பஸ் ஓடியது. பணிமனையில் வண்டி நின்றால் முதலில் அடிபடுவது கிராமத்து டவுன் பஸ்தான். நம் பக்கம் தனியார் பஸ்கள் ஓரளவு உண்டு. ஆனால் விடிகாலைப் பல்லவனைப் பிடிக்க அதை நம்ப முடியாது. முதல் நாள் இரவே காரைக்குடியில் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிடுவது மேல். கோட்டையூர், பள்ளத்தூர்க்காரர்களுக்கு ஆட்டோ போதும்.

ஸ்டிரைக் அன்று ஓடுகிற ஒன்றிரண்டு பஸ்ஸில் இந்தக் கார்டு செல்லுமா?

மாநகரப் பேருந்திலும் 2025 ஜனவரியிலிருந்து சிங்காரச் சென்னை அட்டை செல்லும். நடத்துநரின் கையில் உள்ள டிக்கெட் கருவியில் தட்டினால் கழியும். ஆனால் ஸ்டிரைக்கில் தற்காலிக ஆட்களை வைத்து ஓட்டுகிற வண்டியில் அதை எதிர்பார்க்காதீர்கள். பத்து, இருபது ரூபாய் நோட்டு இருக்கட்டும்.

சிங்கப்பூரில் பயன்படுத்தும் ஈஸி-லிங்க், மலேசியாவின் டச் அண்ட் கோ இங்கே செல்லுமா? வீசா கார்டைத் தட்டலாமா?

மூன்றும் செல்லாது. அங்கே வங்கிக் கார்டையே ரயில் கேட்டில் தட்டிப் பழகியவர்கள் இங்கேயும் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட் பழுது என்று நினைக்கிறார்கள். ரூபேயின் என்சிஎம்சி மட்டும்தான். ஒரு வாரத்துக்கு வந்தவர் கார்டு வாங்காமல் கியூஆரிலேயே காலத்தை ஓட்டலாம்.

கார்டு தொலைந்துவிட்டால் பணம்?

போனது போனதுதான். ரகசிய எண் இல்லாமல் தட்டினாலே கழியும் பணம் அது. எடுத்தவர் மெட்ரோவில் சுற்றுவார். இதனால்தான் ஆயிரக்கணக்கில் ஏற்ற வேண்டாம் என்கிறேன்.

உள்ளே தட்டினேன், வெளியே வரும்போது கேட் திறந்தே இருந்தது, கூட்டத்தோடு வந்துவிட்டேன். சரிதானே?

சரியில்லை. கார்டு இன்னும் உள்ளேயே இருப்பதாகக் கணக்கு நிற்கும், அடுத்த முறை ஏறும்போது சிவப்பு விளக்கு எரியும். முன்னால் போகிறவருக்காகத் திறந்த கேட்டில் ஒட்டிக்கொண்டு போகும் பழக்கம் கூட்டநெரிசலில்தான் வருகிறது. அப்படி ஆகிவிட்டால் அங்கேயே வாடிக்கையாளர் சேவை மையத்தில் கார்டைக் கொடுங்கள், சரிசெய்து தருவார்கள். உள்ளே போனபின் மனம் மாறித் திரும்பி வருவதென்றாலும் அங்கேயே போய்ச் சொல்லுங்கள்.

அவர்கள் போராடும்போது நாம் ரயிலில் ஏறிப் போவது தப்பில்லையா?

இதையும் ஒரு தம்பி கேட்டார். தப்பில்லை. 2018-இல் ஊதிய உயர்வுக்காகவும், 2024-இல் ஓய்வு பெற்றவர்களின் அகவிலைப்படி, காலிப் பணியிடம், ஊதியப் பேச்சு இவற்றுக்காகவும் நின்றார்கள். நம் ஊர்த் தெருவிலேயே ஓய்வு பெற்ற ஓட்டுநர், நடத்துநர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டால் கோரிக்கை எவ்வளவு பழையது என்று சொல்வார்கள். இரண்டு முறையும் பொங்கலை ஒட்டி வந்ததால் ஊருக்கு வருகிறவர்கள் எரிச்சல்பட்டார்கள் என்பதும் உண்மை. தற்காலிக ஓட்டுநர் ஓட்டும் பஸ்ஸைவிட ரயிலில் போவதை நான் விரும்புவேன். அதில் கொள்கையும் இருக்கிறது, உயிர்ப்பயமும் இருக்கிறது.

சென்னையிலிருந்து செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை வர வேண்டும். திரும்பு பயணத்துக்கு ஏதாவது?

மெட்ரோ காலை ஐந்து மணியிலிருந்து இரவு பதினொன்று வரை. எழும்பூரில் பல்லவன் பிற்பகலில் கிளம்பும், அதைப் பிடிக்கிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அலுவலகம் விடும் நேரத்தில் இரவு ரயிலுக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே மெட்ரோவில் ஏறிவிடுங்கள். பஸ் இல்லாத நாளில் மாலை மெட்ரோவில் பெட்டியோடு உள்ளே நுழைவதே பெரும்பாடு. முதலில் வரும் வண்டியில் ஏற முடியாமல் இரண்டாவதுக்கு நிற்கவும் நேரலாம். பெரிய பெட்டிகளை ஸ்கேனரில் வைத்துத்தான் உள்ளே விடுவார்கள், அங்கேயும் ஒரு வரிசை. கார்டு இருந்தாலும் அந்த வரிசையிலிருந்து தப்ப முடியாது.

பல்லவன் காரைக்குடி வந்து சேர இரவு ஆகிவிடும். அந்நேரத்துக்கு நாட்டரசன்கோட்டைப் பக்கம் போக பஸ் இருக்காது. புதுக்கோட்டை தாண்டும்போதே தெரிந்த டிரைவருக்கு ஒரு போன் போட்டு, ஜங்ஷனுக்கு வண்டி கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.